அண்ணன் கொண்டுவந்த ஸ்பீக்கர்

"அந்தப் பொட்டி ரெண்டும் இன்னும் பாடுதா தம்பி?" என்று அண்ணன் போனில் கேட்டார். 2022-ஆம் வருடம், ஆடி மாதம். கண்புரை ஆபரேஷனுக்காகத் திருச்சிக்கு வருவதாகவும், எங்கள் வீட்டில் பதினைந்து நாள் தங்கப் போவதாகவும் சொல்லிவிட்டு, வைக்கும் முன் சாவகாசமாகக் கேட்ட கேள்வி அது. "நல்லாப் பாடுதேண்ணே" என்றேன். நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. அவர் மருமகள் போனை வாங்கி, அதை அவர் காதருகே உரக்கச் சொன்னாள். ஆக, ஒரு பொய்யை இரண்டு பேராகச் சொன்னோம். அவள் பாவம், தெரியாமல் சொன்னாள்.

அந்தப் பெட்டிகள் வாயை மூடி 15 வருடத்துக்கு மேல் ஆகிறது. கூடத்தின் இரண்டு மூலைகளிலும் நின்றுகொண்டு ஒன்று பூச்சாடியையும் மற்றொன்று டெலிபோன் டைரக்டரியையும் தாங்கிக்கொண்டிருந்தன. அண்ணன் மன்னார்குடிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். எப்போதாவது வந்தால் காலையில் வந்து மாலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். அதனால் என் குட்டு வெளிப்படாமலே இருந்தது.

முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தேன். மேலே சின்ன ட்வீட்டர், நடுவில் மிட்ரேஞ்ச், இரண்டும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. கீழே 10 அங்குல வூஃபர். அதன் காகிதக் கூம்பையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்கும் வளையம் இருக்கிறதே, கடற்பஞ்சு மாதிரி மெத்தென்ற கறுப்பு ஃபோம், அதை விரலால் தொட்டேன். விரல் உள்ளே போய்விட்டது. நல்லெண்ணெய்ச் செக்கின் அடியில் கிடக்கும் பிண்ணாக்கு மாதிரி பிசுபிசுவென்று உதிர்ந்தது. இரண்டு வூஃபரும் அப்படியே.

இது என் பெட்டிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1970, 80-களில் வந்த ஸ்பீக்கர்களில் ஏராளமானவை இந்த பாலியூரிதேன் ஃபோமைத்தான் வளையமாகக் கொண்டிருந்தன. மெத்தென்று இருக்கும், எடை கிடையாது, கூம்பு தாராளமாக முன்னும் பின்னும் போய்வரும். கெடுதல் என்னவென்றால், காற்றின் ஈரத்தை வாங்கி வாங்கி அது தானே மக்கிவிடும். வாசித்தாலும் மக்கும், வாசிக்காமல் பரண்மேல் வைத்தாலும் மக்கும். 15, 20 வருடம்தான் அதன் ஆயுள். அதற்கு முந்தைய தலைமுறை ஸ்பீக்கர்களில் துணி வளையமோ, கூம்பின் காகிதத்தையே மடித்த வளையமோ இருக்கும். அவை இன்றும் கல்லுமாதிரி இருக்கின்றன. ரப்பர் வளையமும் நெடுநாள் தாங்கும்.

பெட்டிகள் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அண்ணன் 1974-இல் சிங்கப்பூர் போனார். அங்கே ஒரு கப்பல் பட்டறையில் வேலை. கப்பலின் வயிற்றுக்குள், எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கி, துருவைச் சுரண்டி எடுக்கும் வேலை. அவர் அனுப்பிய பணத்தில்தான் நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துத் தொலைபேசித் துறையில் சேர்ந்தேன். 1984-இல் எம்.வி. சிதம்பரம் கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கினார். ஊருக்குப் போக விமானம் இருந்தாலும், சாமான் நிறையக் கொண்டுவரலாம் என்பதற்காகக் கப்பல் ஏறியவர்கள் நிறையப் பேர். (அதற்கு அடுத்த பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்து, அந்தப் போக்குவரத்தே நின்றுபோனது.) துறைமுகத்துக்கு நான்தான் போயிருந்தேன். கஸ்டம்ஸ் தீர்வை கட்டி வெளியே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகள், கயிறு போட்டுக் கட்டியவை. "உனக்குத்தான். எக்ஸ்சேஞ்சுல நாள் முழுக்க மணிச் சத்தம் கேட்டுட்டு வர்றே, வீட்டுல நல்ல சத்தம் கேளு" என்றார். ஜப்பான் சரக்கு. சிராங்கூன் ரோடு கடையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் நின்று கேட்டு வாங்கினாராம். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் நாதஸ்வர கேசட்டைக் கையோடு கொண்டுபோய், கடையில் இருந்த ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறார். கடைக்காரச் சீனர் கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

1990-இல் அண்ணன் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது காது போயிருந்தது. இரும்புத் தொட்டிக்குள் சுத்தியலும் சுரண்டியும் எழுப்பும் சத்தத்தில் பதினாறு வருடம். காதுக்கு அடைப்பான் யாரும் கொடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட இரைச்சல் காதைக் கெடுக்கும்போது எல்லாச் சத்தத்தையும் ஒன்றுபோல் கெடுப்பதில்லை. முதலில் அடிவாங்குவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து மேல் ஸ்தாயிதான். கீழ் ஸ்தாயி கடைசிவரை ஓரளவு தங்கும். அதனால்தான் அண்ணன், "நீங்க பேசுறது கேக்குது, என்ன பேசுறீங்கன்னுதான் புரியல" என்பார். உயிரெழுத்து காதுக்குப் போகிறது, ச, த, ப எல்லாம் வழியிலேயே விழுந்துவிடுகின்றன. வயலின் அவருக்கு இல்லை, நாதஸ்வரத்தில் பாதி இல்லை. தவில் மட்டும் உண்டு; அதிலும் குச்சி விழும் தொப்பிப் பக்கம்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். மூன்று ஸ்பீக்கர் உள்ள பெட்டியில் அண்ணனுக்கென்று மிச்சமிருந்தது வூஃபர் ஒன்றுதான். அதைத்தான் நான் மக்கவிட்டிருந்தேன்.

சரி, வூஃபரை மாற்றினால் ஆயிற்று என்று கிளம்பினேன். 38 வருடம் தொலைபேசித் துறையில் குப்பை கொட்டியவனுக்கு இது ஒரு வேலையா? மல்டிமீட்டர் இருக்கிறது, சால்டரிங் அயர்ன் இருக்கிறது. பழைய வூஃபரின் பின்னால் 8 ஓம் என்று போட்டிருந்தது. மீட்டரில் 6.4 காட்டியது, அது சரிதான், 8 ஓம் என்பது மாறுமின்சாரக் கணக்கு, மீட்டர் காட்டுவது காயில் கம்பியின் மின்தடை மட்டும். அளவு 10 அங்குலம். 8 ஓம், 10 அங்குலம், தீர்ந்தது விஷயம் என்று சென்னைக்கு ரயில் ஏறி, மவுண்ட் ரோட்டிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தேன்.

அந்தத் தெரு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. ஒரு கடையில் இளைஞன் ஒருவன், பேரன் வயசுதான், மூன்று விதமான 10 அங்குல வூஃபரை எடுத்து வைத்துவிட்டு, "என்ன பாக்ஸ் சார்?" என்று கேட்டான். "மரப் பெட்டி" என்றேன். "அது இல்ல சார், ஓட்டை இருக்கிற பாக்ஸா, மூடின பாக்ஸா? உள்ள எத்தனை லிட்டர்?" என்றான். லிட்டரா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. எண்ணெயா வாங்க வந்திருக்கிறேன்? "10 இஞ்ச், 8 ஓம், நல்லா பேஸ் வரணும், அவ்வளவுதான்" என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு, இருப்பதிலேயே பெரிய காந்தம் உள்ளதாக இரண்டு எடுத்துக் கொடுத்தான். ஒன்று 1,850 ரூபாய். ஊருக்குத் திரும்பும் ரயிலில் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பிறந்த குழந்தையைக் கொண்டுவருவதுபோல.

அந்தப் பையன் கேட்ட கேள்விதான் இதில் ஆதாரமான கேள்வி. அது எனக்கு உறைக்க இன்னும் பதினைந்து நாள் ஆனது.

வீட்டில் வந்து பார்த்தால் புதிய வூஃபரின் சட்டம் பெட்டியின் துளையைவிட 4 மில்லிமீட்டர் பெரிது. திருகாணித் துளைகளும் ஒத்துவரவில்லை. அரத்தை எடுத்துத் துளையைச் சுற்றி ராவினேன். மரம் என்று சொன்னேனே, உள்ளே மரத்தூள் பலகைதான், பொலபொலவென்று கொட்டியது. உள்ளிருந்த கண்ணாடிப் பஞ்சு கையில் பட்டு இரண்டு நாள் அரிப்பு. 1.5 வோல்ட் பேட்டரியை வைத்து, கூம்பு முன்னால் வருகிறதா என்று பார்த்து, பாசிட்டிவ் நெகட்டிவ் அடையாளம் செய்து, ஒயரைச் சால்டர் வைத்து முடித்தேன். அன்று வாசலில் பழைய இரும்புக்காரர் வந்தார். பழைய வூஃபர் இரண்டையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன். 150 ரூபாய் கொடுத்தார். காந்தம் கனமாக இருந்ததால் அந்த விலை.

"அதை எதுக்குங்க கொடுக்குறீங்க? மாமா வாங்கிட்டு வந்ததாச்சே" என்று என் மனைவி சொன்னாள். "மக்கிப்போனதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றேன். அந்த உரையாடலை அவள் பிறகு பல தடவை எனக்குத் திருப்பிச் சொல்லிக்காட்டியிருக்கிறாள்.

ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழ் கரகரத்தது, ஸ்ப்ரே அடித்துச் சரிசெய்தேன். கேசட் டெக்கின் பெல்ட் உருகித் தாராகிப் போயிருந்தது. அதை விட்டுவிட்டு, பேரன் சொல்லிக்கொடுத்தபடி கைப்பேசியிலிருந்து ஒயர் இழுத்துப் பாட்டுப் போட்டேன். பெட்டி அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அண்ணன் ஒரு புதன்கிழமை வந்தார். சாப்பிட்டு, படுத்து எழுந்து, காபி குடித்துவிட்டு, "போடு" என்றார். கிருஷ்ணன் நாதஸ்வரத்தையே போட்டேன். அண்ணன் நாற்காலியைப் பெட்டியருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, பூச்சாடியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, உள்ளங்கையைப் பெட்டியின் மேல் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் அப்படித்தான் கேட்பார். காது பாதி, கை பாதி.

தவில் தனி வந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். கையை எடுத்துவிட்டார்.

"தம்பி, இதுல வேற யாரோ வாசிக்கிறான்."

"இல்லண்ணே, அதே கச்சேரிதான்."

"அதே கச்சேரின்னா தொப்பி எங்க? இவன் எதை அடிச்சாலும் ஒரே இடத்துல தும்மு தும்முன்னு குத்துறான். கும்கின்னு ஒண்ணு வருமே, இழுத்து, அது வரலியே."

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சமாளித்திருக்கலாம். ஆனால் வேட்டியில் மரத்தூள் கறை இன்னும் போகவில்லை. உண்மையைச் சொன்னேன், அதாவது கத்தினேன். ஃபோம் மக்கியது, 15 வருடம் மூடிக் கிடந்தது, வூஃபரை மாற்றியது எல்லாவற்றையும். பக்கத்து வீடெல்லாம் கேட்டிருக்கும். காது கேளாதவர்களிடம் ரகசியமாகத் தப்பை ஒப்புக்கொள்ள வழியில்லை. அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "பழசு எங்க?"

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து போய், ரிச்சி தெருப் பையன் கொடுத்த அட்டையில் இருந்த எழுத்துகளை முதல்தடவையாகக் கவனித்துப் படித்தேன். எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ். இவை தீல், ஸ்மால் என்ற இரண்டு பேர் வகுத்த அளவுகள். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் எழுதியதை, 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்து எழுதினார். ஒரு வூஃபர் எந்தப் பெட்டியில் எப்படிப் பாடும் என்பதை, ஆணி அடிக்கும் முன்பே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். எஃப்எஸ் என்பது வூஃபர் தன்பாட்டில் எந்த ஸ்தாயியில் அதிர விரும்புகிறது என்பது. க்யூடிஎஸ் என்பது அந்த ஆட்டத்தை அதுவே எவ்வளவு அடக்கிக்கொள்ளும் என்பது. விஏஎஸ் லிட்டரில் வரும். அதன் தொங்கல் எவ்வளவு காற்றின் ஸ்ப்ரிங்குக்குச் சமம் என்று சொல்வது. அந்தப் பையன் லிட்டர் கேட்டது இதற்குத்தான்.

என் பெட்டி மூடிய பெட்டி. இந்த வகையின் மூலவர் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர். 1954-இல் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரில் இதைச் செய்துகாட்டினார். அதுவரை நல்ல பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். வில்ச்சர் என்ன செய்தார் என்றால், வூஃபரின் தொங்கலை வேண்டுமென்றே தளர்வாக விட்டார். கூம்பைத் திருப்பி இழுக்கும் வேலையை, காற்றுப்புகாமல் அடைத்த சின்னப் பெட்டிக்குள் இருக்கும் காற்றே செய்யும்படி விட்டார். காற்று ரப்பரையும் துணியையும்விட ஒழுங்கான ஸ்ப்ரிங். ஆக, பாதி வூஃபர் பெட்டிக்குள் அடைந்த காற்றில் இருக்கிறது. பெட்டியை விட்டுவிட்டு வூஃபரை மட்டும் மாற்றுகிறேன் என்பது, கல்யாணத்தில் மாப்பிள்ளையை மட்டும் மாற்றிவிட்டு மீதியெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்பது போல.

நான் வாங்கி வந்தது பெரிய பெட்டிக்கானது. அதைச் சின்ன மூடிய பெட்டிக்குள் அடைத்ததும் காற்று இறுக்கிப் பிடித்தது. அதிரும் ஸ்தாயி மேலே ஏறி, அந்த ஓரிடத்தில் மட்டும் மேடு கட்டி, அதற்குக் கீழே சரிந்துவிட்டது. மறுநாள் காலை அளந்தே பார்த்தேன். ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, கைப்பேசியில் 20 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே போய், ஸ்பீக்கர் முனைகளில் வோல்டேஜ் எங்கே உச்சம் தொடுகிறது என்று மீட்டரில் பார்த்தால், அதுதான் பெட்டிக்குள் வூஃபர் அதிரும் ஸ்தாயி. 88 ஹெர்ட்ஸ். அண்ணன் "ஒரே இடத்துல குத்துறான்" என்றாரே, அந்த இடம். மீட்டர் இல்லாமல் உள்ளங்கையால் சொல்லிவிட்டார்.

இன்னொரு கோளாறும் இருந்தது. எல்லா வூஃபரும் ஒரே வாட்டுக்கு ஒரே அளவு சத்தம் தருவதில்லை. 3 டெசிபல் குறைவான வூஃபருக்கு அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். உள்ளே ட்வீட்டருக்கும் மிட்ரேஞ்சுக்கும் வூஃபருக்கும் பங்கு பிரிக்கும் காயிலும் கண்டன்சரும் பழைய வூஃபரை மனத்தில் வைத்துப் பிரித்தவை. புது ஆளுக்கு அந்தப் பங்கு பொருந்தவில்லை. (கண்டன்சர்களைப் பிறகு மாற்றினேன். பழசானால் அளவு மாறிவிடும் என்பார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 66 வயதில் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எனக்கே எதுவும் கேட்பதில்லை.)

வியாழக்கிழமை காலை அரியமங்கலம் பக்கம் அந்தப் பழைய இரும்புக் கடையைத் தேடிப் பிடித்தேன். கொடுத்து ஆறு நாள் ஆகியிருந்தது. சைக்கிள் ரிம், கேஸ் அடுப்பு, கிரில் கம்பி இவற்றின் அடியிலிருந்து ஒரு வூஃபர் முழுசாகக் கிடைத்தது. மற்றொன்று, மேலே விழுந்த கம்பி கூம்பைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. காந்தத்தை உடைத்துச் செப்புக் கம்பியை எடுக்க எடுத்து வைத்திருந்தார்களாம். 150 ரூபாய்க்குக் கொடுத்ததை 600 ரூபாய்க்குத் திருப்பி வாங்கினேன். பேரம் பேசவில்லை.

அடுத்து மைக்செட்காரர். எங்கள் பகுதியில் கோயில் விசேஷங்களுக்கு ரேடியோ செட் கட்டுபவர், ஸ்பீக்கர் கோன் மாற்றுவதில் கைகாரர். ஆடி முழுக்க அம்மன் கோயில்களில் கிழிந்த ஸ்பீக்கர்கள் அவர் கடையில் குவிந்து கிடந்தன. என் வூஃபரைக் கையில் வாங்கி, கூம்பை இரு கை விரல்களாலும் மெல்ல அழுத்தி, காதோரம் வைத்துக் கேட்டார். "காயில் உரசல சார். உயிர் இருக்கு. ஃபோம் மட்டும் போட்டா போதும். இதைப் போய் யாராவது இரும்புக்குப் போடுவாங்களா?" என்றார். அவர் கடையில் ஃபோம் வளையம் இல்லை, கோயில் ஸ்பீக்கருக்கெல்லாம் துணி வளையம்தான். ஆன்லைனில் வரவழைக்கச் சொன்னார். அதிலும் ஒரு சூட்சுமம்: 10 அங்குலம் என்று மட்டும் சொல்லி வாங்கக்கூடாது. கூம்பின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு எவ்வளவு, சட்டத்தின் உள்விட்டம் எவ்வளவு, இரண்டையும் ஸ்கேலால் அளந்துதான் சொல்ல வேண்டும். ஒருமுறை சூடு கண்டவன் ஆகையால் மூன்று தடவை அளந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும் என்றது கைப்பேசி. அண்ணனுக்குச் செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷன். பசை காய ஒரு முழுநாள் வேண்டும்.

"ஃபோம் வர்றதுக்குள்ள பழைய பசையைச் சுத்தமா எடுத்துடுங்க சார். அதுதான் பாதி வேலை. அவசரப்பட்டா கூம்பு கிழிஞ்சிடும்" என்றார் மைக்செட்காரர்.

வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தேன். கால் மணி நேரத்தில் காகிதத்தில் ஒரு கீறல் விழுந்தது. அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து என் கையிலிருந்து வெண்ணெய்க் கத்தியை வாங்கி, அதன் முனையைச் சிமெண்டுத் தரையில் நாலு இழுப்பு இழுத்து மழுக்கினார். "துருவைச் சுரண்டுறவன் இரும்பைச் சுரண்டக்கூடாது. நீ இரும்பைச் சுரண்டுறே" என்றார்.

அந்த மூன்று நாளும் அவர்தான் செய்தார். கண்ணில் புரை, எதிரில் இருப்பவர் முகமே மங்கல். விரல் நுனியால் தடவிப் பார்ப்பார், எங்கே பசை தட்டுகிறதோ அங்கே ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒற்றி ஊறவிடுவார், பிறகு கத்தியைப் படுக்கவைத்து ஒரே திசையில் தள்ளுவார். ஒரு வூஃபருக்கு ஒன்றரை நாள். பேச்சு இல்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் கையால் 'இரு' என்று காட்டுவார். கப்பல் தொட்டிக்குள் அவர் எப்படி உட்கார்ந்து வேலை செய்திருப்பார் என்பதை எனக்கு 66 வயதில்தான் பார்க்கக் கிடைத்தது. என் டிப்ளமோ சர்டிஃபிகேட் உள்ளே பீரோவில் இருந்தது.

ஞாயிறு மதியம் ஃபோம் வந்தது. மைக்செட்காரர் வீட்டுக்கே வந்தார். கூம்பின் நடுவில் உள்ள தொப்பியைப் பிளேடால் சுற்றி அறுத்துத் திறந்தார். காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவில் இருக்கும் முடியளவு இடைவெளியில், என் மனைவியின் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைப் பட்டை பட்டையாக வெட்டிச் சொருகினார். ஃபோமை ஒட்டும்போது காயில் நடுவிலேயே நிற்க வேண்டும், ஒரு முடி நகர்ந்தாலும் வாழ்நாள் முழுக்க உரசும், அதற்குத்தான் அந்தப் பட்டைகள். முதலில் கூம்பின் விளிம்பில் ஒட்டி, காயவிட்டு, பிறகு சட்டத்தில் ஒட்டினார். கிழிந்த வூஃபருக்குப் பழைய கூம்பு உதவாது என்று, கையிருப்பில் இருந்த உள்ளூர்க் காகிதக் கூம்பை வெட்டிப் போட்டார். காயில் மட்டும் பழையது. "இது கொஞ்சம் முரட்டுக் காகிதம் சார். அவ்வளவு நைஸா வராது. பார்த்துக்கோங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டார். அதே நாளில் அவர் ஒரு அம்மன் கோயில் செட்டுக்கு வாங்குவதைவிடக் குறைவு.

நான் அரத்தால் ராவிப் பெரிதாக்கிய துளைக்கு இப்போது பழைய வூஃபர் பிடிக்கவில்லை. பிளைவுட்டில் இரண்டு வளையம் வெட்டி உள்ளே வைத்துத் திருகாணி போட்டேன். ஜன்னல் கதவுக்கு ஒட்டும் ரப்பர் பட்டையைச் சுற்றிலும் ஒட்டிக் காற்று அடைத்தேன். மூடிய பெட்டியில் காற்று கசிந்தால் எல்லாம் வீண். கூம்பை மெல்ல உள்ளே அழுத்திவிட்டு விட்டால், துள்ளித் திரும்பாமல், யோசித்து யோசித்து மெதுவாகத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் பெட்டி அடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

திங்கள் இரவு அளந்தேன். வலது பெட்டி 52 ஹெர்ட்ஸ். இடது பெட்டி, உள்ளூர்க் கூம்பு போட்டது, 61. இதை அண்ணனிடம் சொல்லவில்லை. கத்திச் சொல்லும் அளவுக்கு அது முக்கியமா என்று நினைத்தேன்.

இரண்டு பெட்டிக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு, அதே நாதஸ்வரத்தைப் போட்டேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். தவில் வந்தது. அண்ணன் முதலில் கையை மடியிலேயே வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து இடது பெட்டியின் மேல் கையை வைத்தார், எடுத்தார். வலது பெட்டியின் மேல் வைத்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல், நாற்காலியை அந்தப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இழுபட்ட சத்தம் கேட்டு என் மனைவி திரும்பிப் பார்த்தாள். தனி முடியும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு பத்து நாள் அதே நாற்காலி, அதே பக்கம். ரிச்சி தெரு வூஃபர் இரண்டும் மைக்செட்காரரிடம் போயின. அவற்றுக்கேற்ற அளவில் பெட்டி அடித்து எங்கோ வைத்திருக்கிறார், அங்கே நன்றாகவே பேசுகின்றனவாம். இடது பெட்டிக்கு அதே மாடல் எண் போட்ட வூஃபர் எங்காவது உடைந்த செட்டில் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். வூஃபரை மாற்றுவதென்றால் அதே எண்ணுக்கு அதே எண், இல்லாவிட்டால் ஃபோம் மட்டும்.

இன்னொரு கண்ணுக்குத் தை மாதம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பூச்சாடியை என் மனைவி திரும்பவும் பெட்டியின் மேல் வைத்திருக்கிறாள், இடது பெட்டியின் மேல். வலது பெட்டியின் மேல் இப்போது நாங்கள் எதையும் வைப்பதில்லை.